நேர்ப்பாதையில் மட்டும்

முதலில் தூசி. தூசியைத் தட்டாமல் எதையும் கழற்றக் கூடாது. கழற்றினால் மண் உள்ளே போகும், மண் போனால் பேரிங் போச்சு, பேரிங் போனால் அப்புறம் என் உயிரும் போச்சு. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் பக்கியின் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மடியில் வைத்துக்கொள்கிற அளவு கார். நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு, முதுகில் ஒரு இறக்கை, நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு எஞ்சின். ரிமோட்டில் ஓடுகிற பொம்மைக்கா இத்தனை பாடு என்று என் தங்கை கேட்பாள். பொம்மைதான். எண்ணெய் குடிக்கிற, புகை விடுகிற, தப்பாகப் பட்டால் கணுக்காலை முறித்துவிடுகிற பொம்மை. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கிடந்த காலியிடத்தை வாடகைக்குப் பிடித்து, மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமுமாக எங்கள் ஆட்களே போட்ட டிராக் இது. சுவருக்கு அந்தப் பக்கம் முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிறது. இந்தப் பக்கம் தகரக் கொட்டகைக்குக் கீழே மேஜை போட்டு நாங்கள். ரசத்து வாசனையும் நைட்ரோ எண்ணெய் வாசனையும் கலந்து வருகிறது, இரண்டில் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் ஃபைனல். அதற்குள் வண்டியைப் பிரித்து, துடைத்து, சேர்த்து, இவர் கேட்டதைச் செய்து கொடுக்க வேண்டும். பிரிக்கிறது, துடைக்கிறது, சேர்க்கிறது எல்லாம் தூக்கத்தில் கூடச் செய்துவிடுவேன். இவர் கேட்டதைத்தான் செய்ய முடியாது. செய்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஊருக்குத் தெரிவது இருக்கட்டும், இவருக்கே தெரிந்துவிடும்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். மைக்கில் திருமூர்த்தி சார் என்பார்கள், டவுன்ஹாலில் கிரைண்டர் கடை வைத்திருக்கிறவர் என்றால் கோயம்புத்தூரில் பாதிப்பேருக்குத் தெரியும். ஓட்டுகிறது அவர், ரிப்பேர் நான். கல்யாணமான புதிதில் இவர் பின்னால் வந்து டிராக் ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவர் ஸ்குரூவை இறுக்குகிற அழகைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கினேன், அதோடு சரி, இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி, டிஃப், அதைத் திறக்கக் கூட இவருக்குத் தெரியாது. ரிமோட்டில் இருக்கிற மெனுவைப் பார்த்தால், அதெல்லாம் உன் டிபார்ட்மென்ட் அம்மிணி என்று தள்ளிவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் நான் அதைச் செய்தேன். காலையில் அரையிறுதி முடிந்து, ஓட்டுகிறவர்கள் நிற்கிற மேடையை விட்டு இறங்கி வந்ததும் இவர் சொன்னது இதுதான். "முன்னாடி திரும்பவே மாட்டீங்குது அம்மிணி. நாஞ் சொன்னப்புறம் யோசிச்சுட்டுத் திரும்புது. நேர்ல இருந்து வளைவுக்குப் போறப்பப் பாரு, ஒவ்வொரு தடவையும் வெளிய போய் ஓரத்துப் பைப்புல இடிக்குது. டயரைப் பாரு." டயரைப் பார்க்கிறேன் என்றேன். டயரில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். வேனுக்குள் சீட்டைச் சாய்த்துப்போட்டுப் படுத்திருக்கிறார், கதவு வழியாகக் கால் மட்டும் தெரிகிறது. வலது கை பேன்ட் பைக்குள் இருக்கும். இப்போதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. படுத்துக்கொண்டு யாராவது பேன்ட் பைக்குள் கையை விட்டுக்கொள்வார்களா.

டிஃப். நாலு ஸ்குரூ, மூடி, உள்ளே தேனாட்டம் சிலிகான் எண்ணெய். கறுத்திருக்கிறது, மாற்ற வேண்டும். காகிதத்தில் துடைக்கத் துடைக்க விரல் இடுக்கில் ஏறுகிறது. இந்த எண்ணெய் சோப்புக்கும் போகாது, திங்கட்கிழமை தோசை சுடுகிறவரை கையிலேயே இருக்கும். எங்கே விட்டேன். ஆமாம், பூட்டு. ரிமோட்டில் நான் செய்ததற்கு அப்படித்தான் பேர் வைத்திருக்கிறேன். ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். இடது கையில் பிடித்து விசையை விரலால் அமுக்கினால் வேகம், பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம், அதை வலது கையால் திருப்பினால் வண்டி திரும்பும். நாம் ஒரு நூலளவு திருப்பினால் வண்டியும் நூலளவு திரும்பும். அதை மெனுவில் போய் மாற்றலாம். நடுவில் கொஞ்ச தூரத்துக்கு நாம் என்ன ஆட்டினாலும் வண்டிக்குக் கேட்காதபடி செய்யலாம். கை எவ்வளவு அசைந்தாலும் வண்டி காதைப் பொத்திக்கொண்டு நேராகப் போகும். நன்றாகத் திருப்பினால்தான் திரும்பும். சீசன் தொடக்கத்தில் கொஞ்சம் பூட்டினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். போன மாதம் இன்னும் கொஞ்சம். கொஞ்சம் கொஞ்சமாகத்தானே எல்லாம். இன்றைக்குப் பூட்டு இவ்வளவு பெரிதாகிவிட்டது, நேர்ப்பாதையில் பேரழகாகப் போகிறது, வளைவு வந்தால் தாமதம். யோசிச்சுட்டுத் திரும்புது என்று இவர் சொன்னது சரி. வண்டி யோசிக்கவில்லை, நான் யோசிக்க வைத்திருக்கிறேன். பூட்டை எடுத்தால் வண்டி அந்த நொடியே திரும்பும், நேர்ப்பாதையில் இவர் கை வெளியே தெரியும். எடுக்காவிட்டால் இவர் கடைசியாக வருவார், வயசாச்சு அம்மிணி, கண்ணு தெரியலை என்று சொல்லி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். எடு, எடுக்காதே, எடு. மூடியின் ரப்பர் வளையம் எங்கே. இங்கே வைத்தேன். கையிலேயே இருக்கிறது, மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுகிறேன்.

"சுலோச்சனாக்கா, சாப்புடலியா? மண்டபத்துல எல்லாரையும் கூப்புடறாங்க. பாயசமெல்லாம் இருக்குதாம்." பக்கத்து மேஜை ரபீக். உக்கடத்தில் மொபைல் கடை, அரையிறுதியிலேயே கிளட்ச் பொசுங்கி வெளியே வந்துவிட்டான், அதனால் சிரித்த முகமாக இருக்கிறான். தோற்றவனுக்கு எவ்வளவு நிம்மதி. "நீ போய்ட்டு வா தம்பி, எனக்கு டிஃப் கெடக்குது." போகாமல் நின்று குனிந்து பார்க்கிறான். "அண்ணனுக்கு இப்ப கிளிட்ச் எல்லாம் போயிருச்சுல்லக்கா? போன சீசன்ல என்னா அடி அடிச்சுது. இப்ப நேர்ல போனா கோடு போட்ட மாதிரி போகுது." போயிருச்சு தம்பி என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கிளிட்ச் என்றால் சிக்னலில் விழுகிற உதறல். ரிமோட் ஒன்று சொல்ல, நடுவில் வேறு எதுவோ குறுக்கே வந்து, வண்டி வலிப்பு வந்த மாதிரி துள்ளும். இங்கே எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் வண்டி சிக்னல் அறுந்து, முழு வேகத்தில் மண்டபத்துப் பந்திக்குள் நுழைந்து, சாம்பார் வாளியை ஏந்திக்கொண்டிருந்த ஆளின் காலைச் சுற்றிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் சித்தப்பா இலைக்கு முன்னால் நின்றது. அன்றிலிருந்து சட்டம், சிக்னல் உதறுகிற வண்டியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அதனால் போன சீசனில் எங்கள் வண்டி நேர்ப்பாதையில் பல்லி வால் மாதிரி நெளிய ஆரம்பித்ததும் முதலில் எங்களுக்கு வந்தது அந்தப் பயம்தான். சிக்னல். வேறென்ன.

தேடினோம், அப்படித் தேடினோம். வண்டிக்குள் சிக்னலை வாங்குகிற ரிசீவரின் பேட்டரியை மாற்றினேன். ரிசீவரையே மாற்றினேன். ஆன்டெனா வயரை வேறு பக்கமாகச் சுற்றினேன், எஞ்சினிலிருந்து தள்ளி வைத்தேன், ஸ்குரூவுக்கெல்லாம் பசை போட்டேன். சக்கரத்தைத் திருப்புகிற சர்வோ, அது ஒரு தீப்பெட்டி அளவு மோட்டார், ஒன்று மாற்றி ஒன்று சூடாகிச் செத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பல்சக்கரத்தில் நடுவில் இருக்கிற பல் மட்டும் தேய்ந்திருந்தது, ஓரத்துப் பல்லெல்லாம் புதுசு. நடுப்பல் மட்டும் ஏன் தேய்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டாமா. கம்பெனி சரியில்லை என்று கம்பெனியைத் திட்டினேன். இவர் மண்டபத்தைத் திட்டினார். நேர்ப்பாதை மண்டபத்துச் சுவரை ஒட்டிப் போகிறது, நெளிவதும் அங்கே மட்டும்தான், வளைவில் நெளிவதே இல்லை. அப்புறம் என்ன, கல்யாணக்காரன் வயர்லெஸ் மைக்தான் என்று முடிவு கட்டிவிட்டார். முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துப் பந்தயம் வைக்கச் சொல்லிக் கமிட்டியிடம் சண்டை போட்டார், ஆடி மாதம் முழுக்க ஓட்டிப் பார்த்தார். ஆடியிலும் நெளிந்தது. ஜெனரேட்டர் என்றார். ஜெனரேட்டருக்கு வளைவு எது நேர் எது என்று தெரியுமா. அதையும் நான் கேட்கவில்லை. எங்கள் மாதிரி ஆட்கள் மட்டும்தான் இப்படித் தேடுவார்கள். வேறு வீடாக இருந்தால் முதல் வாரமே, ஏனுங்க உங்க கை நடுங்குதே என்று பெண்டாட்டி கேட்டிருப்பாள். நாங்கள் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒருநாள் கடைக்குப் பின்னால், கிரைண்டர் பெட்டிகள் அடுக்கியிருக்கிற இடத்தில், வண்டியைக் கட்டை மேல் தூக்கி வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். இவர் ரிமோட்டைப் பிடித்திருந்தார், எஞ்சின் ஓடவில்லை, இவர் எதையும் திருப்பவும் இல்லை, முன்சக்கரம் தானாக இப்படியும் அப்படியும் சிணுங்கியது. பாரு பாரு, இங்கேயும் அடிக்குது, இங்க எந்த மண்டபம் இருக்குது என்றார். ரிமோட்டுக்குள் ஏதாவது லூசாக இருக்கும் என்று அதை வாங்கினேன். நின்றுவிட்டது. திருப்பிக் கொடுத்தேன், சிணுங்கியது. வாங்கினேன், நின்றது. நிமிர்ந்தேன். வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா சக்கரத்தின் மேல் இருந்தபடியே எதையோ உருட்டுகிற மாதிரி, மாத்திரை உருட்டுகிற மாதிரி. வேண்டுமென்று திருப்பினால் இல்லை, சும்மா வைத்திருந்தால் வருகிறது. வளைவில் இல்லை, நேரில். எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து என் மேல் விழுந்தது. நடுப்பல், ஆடி மாதம், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னது, டீயைப் பாதி டம்ளர் போதும் என்று சொல்ல ஆரம்பித்தது. "ரிசீவர் வயர் லூசுங்க" என்றேன். அன்றைக்கு ராத்திரியே, இல்லை, மறுநாள் காலை இவர் குளிக்கப் போனபோது, மெனுவைத் திறந்து முதல் பூட்டைப் போட்டேன். கிளிட்ச் போயே போச்சு என்று அந்த வாரம் டிராக்கில் இவர் எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று குடித்தேன். அதற்கப்புறம் எனக்கு அது ஆகவே ஆகாமல் போய்விட்டது.

அலுத்துவிட்டது. அதைத்தான் சொல்ல வேண்டும். முழங்கால் வலி, தூசி, வெயில், இதெல்லாம் அலுப்பில்லை, இதெல்லாம் பழக்கம். இவருக்கு முன்னால் ஒரு முகம், வண்டிக்கு முன்னால் ஒரு முகம் வைத்துக்கொண்டிருக்கிற அலுப்பு. டாக்டரிடம் போகலாம் என்று எப்படித் தொடங்குவது. தொடங்கினால் எதற்கு என்பார். எதற்கு என்றால் சொல்ல வேண்டும். சொன்னால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், எங்களோடு சாப்பிடும், எங்களோடு தூங்கும். சொல்லாதவரை அது வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நிற்கிறது. இந்த சீசன் முடியட்டும் என்று தள்ளினேன். கை நடுக்கம் என்று போட்டுப் போனில் படித்தேன், படிக்கக் கூடாததையெல்லாம். முதலில் ஒரு பக்கம், அப்புறம் அடுத்த பக்கம், அப்புறம் நடை, அப்புறம் முகமே அசையாதாம். முகமா. எந்த முகத்தைப் பார்த்து நான் இத்தனை வருஷம் சண்டை போட்டேன். ஜெயித்தால் ஒரு சிரிப்பு, புருவம் இரண்டும் தொட்டுக்கொள்கிற மாதிரி, அதுவும் போகுமா. போனை மூடி அரிசி டப்பாவுக்கு மேல் வைத்துவிட்டு அழுதேன். அழுதுவிட்டுக் குக்கர் வைத்தேன். பயமாக இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, இதை யாரிடம் சொல்வது. இந்த ஓட்டத்தை விட்டுவிட்டார் என்றால் ஞாயிற்றுக்கிழமை இவர் என்ன செய்வார். கடையில் உட்கார்ந்து கிரைண்டர் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கழுவிக் கவிழ்த்த டிஃப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எண்ணெய் ஊற்றியாகிவிட்டது, குமிழி அடங்குகிறவரை விட வேண்டும். அடங்கட்டும்.

சரி, பூட்டைத் தொடாமல் வேறு வழியில் திருப்பிக் கொடுக்க முடியுமா. முன் டிஃப்புக்கு எண்ணெயை இளக்கமாக ஊற்றியிருக்கிறேன், வளைவில் முன்பக்கம் கொஞ்சம் இழுக்கும். முன்சக்கரம் இரண்டையும் ஒரு மயிரளவு வெளியே பார்க்க வைத்தேன், திரும்பத் தொடங்கும்போது சீக்கிரம் கேட்கும். பின்பக்க ஷாக் அப்சார்பரை ஒரு துளை மேலே மாற்றினேன். எல்லாம் சேர்ந்தாலும் பூட்டு தின்கிறதில் பாதி கூடத் தேறாது, அது எனக்குத் தெரியும், கைக்கு வேலை வேண்டுமே என்று செய்கிறேன். ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசிப் பிழிந்து எண்ணெய் தடவி மாட்டினேன். பிளக் நன்றாக இருக்கிறது. இனி எஞ்சின். காலைக் குளிரில் வைத்த டியூனிங் இந்த வெயிலுக்கு ஆகாது, காற்று இளைத்துவிட்டது, எண்ணெயையும் குறைக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டி மேல் வைத்து அமுக்கினால் ஒரு இருமல், இரண்டு இருமல், பிடித்துக்கொண்டது. காதைக் கிழிக்கிற சத்தம், ஆனால் எனக்கு இந்தச் சத்தத்துக்குள்தான் கொஞ்சம் அமைதி. எண்ணெய் போகிற அளவைக் குறைக்கிற நீடிலை ஒரு துளி திருகினேன். புகை நூலாக வருகிறது, நல்லது. இன்னும் திருகினால் வேகம் வரும், ஆனால் உள்ளே காய்ந்துபோய் எரியும். போதும். சூடு பார்க்கிற மிஷின் பெட்டியில் இருக்கிறது, அதை எடுக்காமல் விரலில் எச்சில் தொட்டு எஞ்சின் தலையில் வைத்தேன், சொய்ங் என்று இரண்டு மூன்று நொடி நின்று காய்ந்தது. குதித்து ஓடவில்லை. சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, ரிமோட்டைத் தவிர. அது மேஜை ஓரத்தில் துண்டுக்கு அடியில் கிடக்கிறது. தொட்டுத் தொட்டுக் கையை எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் எடுக்கலாமா. பாதி. பாதி எடுத்தால் பாதி நடுங்கும், பாதி நடுக்கத்தைப் பார்த்து ரபீக் கிளிட்ச் வந்துருச்சுக்கா என்பான், இவர் மறுபடியும் மண்டபத்தைத் திட்டுவார், நான் மறுபடியும் ரிசீவரை மாற்றுவேன். மறுபடியும். எஞ்சினை நிறுத்தினேன்.

நிழல் விழுந்தது. வேனிலிருந்து இறங்கி வந்து நிற்கிறார். "ஆச்சா அம்மிணி?" ஆச்சுங்க, முன்சக்கரம் கொஞ்சம் வெளிய பாக்க வெச்சிருக்கேன், எண்ணெயும் இளக்கியிருக்கேன், இப்பத் திரும்பும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரபீக் பாயசத்துக்குப் போய்விட்டான், கொட்டகையில் எங்களைச் சுற்றி யாரும் இல்லை. "அதெல்லாஞ் சரி. ரிமோட்டுல போட்டதை எடுத்துட்டியா?" எதைங்க என்றேன். "நீ போட்டதைத்தான். மெனுவெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது. ஆனா நேர்ல வண்டி ரயிலாட்டம் போகுது. இந்தக் கையி புடிச்சு ஓட்டுற வண்டி அப்புடிப் போகாது." பைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தொடைமேல் வைத்தார். வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறது முதல் தடவை. உருட்டிக்கொண்டே இருந்தது. நான் துடைக்கிற துணியைப் பிடித்துக்கொண்டேன். எப்பத் தெரியும் என்று கேட்டேன். "ரிசீவர் வயர் லூசுன்னு சொன்னயல்ல, அன்னிக்கே. நீ வயரைப் பாத்துட்டுச் சொல்லலை. என் கையைப் பாத்துட்டுச் சொன்னே." கோபம் வந்துவிட்டது எனக்கு, எங்கிருந்து வந்ததோ. "அப்பறம் ஏனுங்க வாயைத் தொறக்கலை? இத்தன நாளா நா ஒருத்தியாக் கெடந்து வெந்துட்டிருக்கேன்!" இவர் டிராக் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "நீ சொல்லுவயின்னு பாத்தேன். நீ சொல்லலை. சரி, சொல்லாத வரைக்கும் ஒண்ணுமில்லைன்னு இருந்துக்கலாம்னு நானும் இருந்துட்டேன்." ஒரே செருப்பு விடுகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றிருக்கிறோம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மூக்கை உறிஞ்சினேன். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம்" என்றார். "நீ கூட்டிட்டுப் போற எடத்துக்கு வர்றேன். இன்னிக்கு எடுத்துரு." எல்லாரும் பாப்பாங்க என்றேன். "பாக்கட்டும். தோத்தா நாந் தோத்ததா இருக்கட்டும் அம்மிணி. மூணு மாசமா யாரு ஓட்டுறாங்கன்னே தெரியாம ஓட்டிட்டிருக்கேன்."

எடுத்தேன். பொத்தானை அமுக்க அமுக்க எண் இறங்கியது, எல்லாம் நான் மாதம் மாதமாக ஏற்றியது. பூச்சியத்தில் நின்றது. ரிமோட்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டு மேடைப் படி ஏறினார், மற்ற ஓட்டுகிறவர்களோடு வரிசையில் போய் நின்றார். வண்டியைத் தூக்கிக்கொண்டு, நடுவில் எண்ணெய் ஊற்ற டிராக் ஓரத்தில் வெட்டியிருக்கிற பிட் பள்ளத்துக்குப் போனேன். கொடி விழுந்தது. முதல் சுற்றில் வண்டிகள் எல்லாம் மண்ணைக் கிளப்பிக்கொண்டு நேர்ப்பாதைக்கு வந்தபோது எங்கள் வண்டியை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் நேராக வர, ஒன்று மட்டும் நெளிந்துகொண்டு வந்தது. இவ்வளவா. இவ்வளவு ஆகிவிட்டதா. பூட்டுக்குள் இதுவும் வளர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். இரண்டு வண்டி தாண்டிப் போயின. வளைவு வந்தது, கை விழித்துக்கொண்டது. நினைத்த இடத்தில், நினைத்த நொடியில், பைப்பை முத்தமிடாத குறையாக உள்ளே புகுந்து, போன இரண்டில் ஒன்றைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே வந்தது. அடடா என்று யாரோ சொன்னார்கள், நான்தான். மூன்று மாதமாக நான் இதை அல்லவா பூட்டி வைத்திருந்தேன். மறுபடி நேர், மறுபடி நெளிசல், மறுபடி ஒருத்தன் தாண்டினான். மறுபடி வளைவு, இவர் அவனைத் தாண்டினார். ரபீக் வாயில் பாயசத்தோடு ஓடிவந்தான். "அக்கா, கிளிட்ச் அடிக்குதுக்கா! மறுபடியும் வந்துருச்சு!" மைக்கும் சொன்னது. "திருமூர்த்தி சார் வண்டி சிக்னல் உதறுது. பிட்டுல யாருங்க, சுலோச்சனாக்கா, வண்டிய வெளிய எடுத்துருங்க. ஆளுங்க நிக்கறாங்க, ரிஸ்க் வேண்டாம்."

எடுக்க வேண்டும். சட்டம் அது, நாங்களும் கை தூக்கி ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம். தலையாட்டிவிட்டு வண்டியைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டால் எல்லாம் சுலபம், கிளிட்ச் என்று எழுதிக்கொள்வார்கள், ரபீக் நல்ல ரிசீவர் ஒன்று சொல்வான், நாளைக்கு டாக்டர், அதோடு முடிந்தது. மேடையைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்க்கிறார், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, காதில் மைக் விழுந்திருக்கும், இறக்கச் சொன்னால் இறங்கிவிடுவார். பிட் பள்ளத்திலிருந்து ஏறி மைக்காரர் மேஜையைப் பார்த்துக் கத்தினேன். "சிக்னல் நல்லாத்தான் இருக்குது!" கேட்கவில்லை, எஞ்சின் சத்தம். தொண்டை கிழிய மறுபடியும் கத்தினேன். "சிக்னல் இல்லீங்க, அது அவரு கையி! எங்க வீட்டுக்காரருக்குக் கை நடுங்குது! வண்டி அவரு சொன்னதைத்தான் கேக்குது!" சொல்லிவிட்டேன். டாக்டருக்கு முன்னால், தங்கைக்கு முன்னால், கோயம்புத்தூர்க்காரர்கள் இத்தனை பேருக்கு முன்னால், தூசி அப்பிய மூஞ்சியோடு. ரபீக் டம்ளரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான், அப்புறம் மேடையைப் பார்த்தான். மைக் கரகரத்தது. மைக்காரரும் மேடையைத்தான் பார்த்திருக்க வேண்டும். "சரிங்க" என்றது மைக். "ஓடட்டும்."

எண்ணெய் தீருகிற நேரம். இவர் பிட்டுக்குத் திருப்பினார், வண்டி நெளிந்தபடி வந்து என் காலடியில் நின்றது. குனிந்து ஒரு கையால் முன்பக்கத்தைப் பிடித்து, மூடியைத் திறந்து பாட்டிலை அழுத்தினேன். எண்ணெய் நிறைகிறது. என் உள்ளங்கைக்குள் முன்சக்கரம் இரண்டும் அசைகிறது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நிற்காமல், சின்னதாக. மேடை அங்கே இருக்கிறது, நான் இங்கே குழிக்குள், ஆனாலும் பிடித்திருக்கிறேன். இத்தனை மாதத்தில் அந்தக் கையை ஒரு தடவையாவது பிடித்தேனா. பொத்தான் போட்டுவிட்டேன், டம்ளரை வாங்கிக்கொண்டேன், பார்க்காத மாதிரி பார்த்தேன், பிடிக்கவில்லை. இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடுமோ என்று இறுக்கினேன். நிற்கவில்லை. மூடியை மூடியாகிவிட்டது, மற்ற வண்டிகள் பக்கத்தில் சீறிக்கொண்டு போகின்றன, நான் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். மேலேயிருந்து இவர் குரல். "அம்மிணி, போதும், விடு! விடு புள்ள, நேரமாகுது!" கையை எடுத்தேன். வண்டி மண்ணை வாரி என் புடவை மேல் இறைத்துவிட்டு, ஆடிக்கொண்டே நேர்ப்பாதையில் ஏறியது.